மாவு ஒத்துக்கொள்ளாத மாஸ்டர்

என் தம்பியை யாராவது புகழ்ந்தால் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் நானே அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திட்டாகத்தான் வருகிறது, என்ன செய்ய. தலை பாதி நரைத்த ஆளை இன்னும் "டேய்" என்று கூப்பிடுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் அவன் மாஸ்டர். எங்கள் ரொட்டிக்கடையில் பின்பக்கம் மாவு பிசையும் அறையும் அடுப்பும் அவன் ராஜ்ஜியம். முன்பக்கம் கண்ணாடி அலமாரி, கல்லாப்பெட்டி, வருகிறவர்களிடம் வாயடிப்பது எல்லாம் என் பங்கு.

படிப்பு அவனுக்கு ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் வழியில் பேக்கரி வாசலில் நின்று வாசனை பிடித்துக்கொண்டிருப்பான். "அங்கேயே போய்த் தொலை" என்று அப்பா கோபத்தில் சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொண்டு, அந்த பேக்கரியிலேயே தட்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கழுவினான், மூட்டை தூக்கினான், சூடு பட்டான். அடுப்புக் கதவு போட்ட கோடுகள் முன்கையில் இன்னும் இருக்கின்றன. முதலாளிக்கு வயதாகி அவர் கடையை விட்டபோது, இவனே அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டான். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். நம்பிக்கையான ஆளாம்! சம்பளம் கேட்காத ஆள் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னான்.

அவன் மாவு பிசைவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மிஷின் பிசைந்து முடித்ததை மேசையில் கொட்டி, உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளுவான். ஒரு விரலால் அழுத்தி, அந்தக் குழி எப்படி மேலே எழும்பி வருகிறது என்று பார்ப்பான். "இன்னும் கொஞ்சம்" என்பான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்போது அவன் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. இதை அவன் பெண்டாட்டியிடமே சொல்லியிருக்கிறேன். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், பொறுமைசாலி. "எனக்குத் தெரியாதா அண்ணி" என்று சிரித்தாள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் மாவு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று.

முதலில் வெறும் தும்மல். மூட்டையைப் பிரித்துச் சலிக்க ஆரம்பித்தால் போதும், முன்பக்கம் வரைக்கும் கேட்கும். "மாஸ்டர் வேலையைத் தொடங்கிட்டாரு" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். பிறகு கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது. பிறகு நெஞ்சில் ஒரு விசில். படியேறினால் இரைத்தது. கடைக்கு விடுமுறை விட்ட நாட்களில் மட்டும் ஒன்றுமே இருக்காது. ராஜா மாதிரி காலை நீட்டிப் படுத்திருப்பான். மறுநாள் மூட்டையைப் பிரித்ததும் பழைய கதை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மேதை தேவையில்லை. அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"டேய், மாவுதான்டா உனக்கு ஆகலை. ஒரு நல்ல டாக்டரைப் பாரு" என்றேன் ஒரு நாள்.

"சும்மா இரு அக்கா" என்றான். "மாவு ஆகலைன்னு ஒரு வார்த்தை டாக்டர் வாயிலேர்ந்து வந்துடுச்சுன்னா அப்புறம் நான் எங்க போவேன்? எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

அதுதான் அவன் பயம். சாவைப் பற்றிக்கூட அவனுக்கு அவ்வளவு பயம் கிடையாது. அந்த அறையை விட்டு வெளியே வரச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவனை ஆட்டி வைத்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அது எளிதில் வருகிற காரியமில்லை.

ஒரு குளிர்காலத்தில் மூச்சு ரொம்பவும் இழுத்துவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினான். சளி என்று சொல்லிக் காட்டினான். அவர் சில நாளைக்கு மட்டும் என்று சின்னதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டாம் நாளே நெஞ்சு திறந்துகொண்டது. "அக்கா, மந்திரம் போட்ட மாதிரி இருக்கு!" என்று கடை முழுக்கக் குதித்தான். அதோடு விட்டிருந்தால் நல்லது. விடுவானா? மறுபடி இரைத்தபோது டாக்டரிடம் போகவில்லை, நேரே மருந்துக்கடைக்குப் போனான். அந்தக் கடைக்காரர் தினமும் எங்களிடம் பன் வாங்குகிறவர். பழைய சீட்டைக் காட்டியதும் ஒரு அட்டை மாத்திரையைக் கொடுத்துவிட்டார். அப்புறம் சீட்டும் தேவைப்படவில்லை. வாரம் மாதமாகி, மாதமும் பல ஆயிற்று. தினமும் காலையில் வெறும் வயிற்றில் டீயோடு சேர்த்து அதையும் போட்டுக்கொள்வான்.

முகம் உப்பியது. கன்னம் உருண்டது. "மாஸ்டர் பளபளன்னு ஆயிட்டாரே, கடை நல்லா ஓடுது போல" என்றார்கள் தெருவில். ஆனால் கைகால் மெலிந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. பசி பேய்ப்பசி. ரொட்டியில் பாதியை அவனே தின்றுவிடுவானோ என்று எனக்குக் கவலை. ராத்திரி தூக்கமில்லை, பகலில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். நெஞ்செரிச்சல் வேறு. லேசாகக் கை பட்டாலும் தோல் கன்றிப் போயிற்று. பெண்டாட்டிக்குச் சந்தேகம் வந்து ரத்தம் சோதிக்க வைத்தாள். சர்க்கரை ஏறியிருந்தது. அப்போதுதான் அவள் அந்த அட்டைகளைப் பார்த்து, இருந்த பொறுமையெல்லாம் போய், "நீங்க நாளைக்கு நுரையீரல் டாக்டரைப் பார்க்கலைன்னா நான் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

போனான். எப்படிப் போனான் தெரியுமா? புருவத்தில் ஒரு பொட்டு மாவு இல்லாமல் தேய்த்துத் தேய்த்துக் குளித்து, நகக்கண்ணைக்கூடச் சுத்தம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, தனியாகத்தான் போவேன் என்று அடம் பிடித்துப் போனான். அந்த டாக்டரம்மா என்ன வேலை என்று கேட்டதற்கு "வியாபாரம்" என்றானாம். என்ன வியாபாரம் என்று கேட்டதற்கு "சின்னக் கடைதான் டாக்டர், எல்லாச் சாமானும் இருக்கும்" என்றானாம். இதை வந்து என்னிடம் பெருமையாகச் சொல்கிறான், அடப்பாவி!

மாத்திரை விஷயத்தை மட்டும் ஒளிக்கவில்லை. உப்பிய முகத்தைப் பார்த்து அவனுக்கே பயம் வந்திருந்தது. அந்த அம்மா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவனும் அவரைப் போலவே கையை ஆட்டி எனக்கு நடித்துக் காட்டினான்.

"நம்ம உடம்பே தினமும் கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்குமாம்க்கா. வெளியிலேர்ந்து மாசக்கணக்கா கொடுத்தா, அதான் வருதேன்னு உடம்பு சும்மா இருந்துடுமாம். அதனால ஒரேயடியா நிறுத்தக்கூடாதாம். வாராவாரம் கொஞ்சங் கொஞ்சமா குறைச்சு, அதுக்குள்ள உடம்பு தன் வேலையை மறுபடி தொடங்கணுமாம்."

"சரி, அப்படியே செய்."

"காலையில சாப்பிட்டுட்டுதான் போடணுமாம். அப்புறம் இதைப் பாரு, வாயில வெச்சு இழுக்குற மருந்து. இதுவும் ஸ்டீராய்டுதானாம், ஆனா கொஞ்சூண்டுதானாம், நேரா நெஞ்சுக்குப் போகுமாம். இரைச்சாலும் இரைக்காட்டாலும் தினமும் இழுக்கணும், இழுத்ததும் வாயைக் கொப்பளிக்கணும், இல்லேன்னா வாயில புண் வரும்."

"செய்டா. எல்லாத்தையும் ஒழுங்கா செய்."

"செய்வேன், செய்வேன்" என்றான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளும் பிசைந்த மாவு முழுவதையும் அடுப்புக்கு அனுப்ப மாட்டோம். ஒரு உருண்டையைக் கிள்ளி மூடி வைப்போம். மறுநாள் புது மாவில் அந்தப் பழைய மாவைச் சேர்த்தால்தான் ரொட்டிக்கு அந்த மணமும் மென்மையும் வரும். எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறவன் மாஸ்டரே இல்லை என்பான் என் தம்பி. அந்தப் புத்தி அவனுக்கு எலும்பு வரை ஊறியிருந்தது. மாத்திரையிலும் அதையே செய்தான். முதல் வாரம் ஒழுங்காகப் போட்டான். நெஞ்சு லேசாக இருந்தது. அப்புறம் எதற்கு வீணாகப் போடுவது, அடுத்த தடவை இரைக்கும்போது கைக்கு இருக்கட்டும் என்று மீதி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டான். டாக்டரம்மா குறைத்துக் குறைத்துச் சாப்பிடச் சொன்னது உடம்பைப் பழக்குவதற்கு என்று என்னிடம் நடித்துக் காட்டியவனே அவன்தான். வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை. இழுக்கிற மருந்தையும் விட்டுவிட்டான். "இழுத்தா ஒண்ணும் தெரியலையே" என்பது அதற்குக் காரணம். இதெல்லாம் பிற்பாடு அவனே ஒப்புக்கொண்டது.

சில நாளில் ஆள் துவண்டான். எழுந்து நின்றால் தலை சுற்றியது. தின்றுகொண்டே இருந்தவன் தட்டை ஒதுக்கி வைத்தான். "வேலை ஜாஸ்திக்கா, வேற ஒண்ணுமில்லை" என்றான். அந்த நேரம் பார்த்து ஒரு தொழிற்சாலை உணவகத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. அதற்கு மேல் எங்கேயோ தின்ற ஏதோ ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும் பேதியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. "படுடா, நாங்க பார்த்துக்குறோம்" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. காலை நேரத்தில் அடுப்பிலிருந்து தட்டை இழுக்கப் போனவன் அப்படியே சரிந்து விழுந்தான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகம் வெளுத்து, உடம்பு சில்லிட்டு, வேர்த்துக் கொட்டிக் கிடந்தான். கூப்பிட்டால் ஏதோ உளறினான். அவன் பெண்டாட்டி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் இருந்தார். ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. கையில் ஊசியைக் குத்திக் குளுக்கோஸும் உப்புத் தண்ணீரும் ஏற்றினார்கள். ஒன்று போய் இன்னொரு பாட்டிலும் ஏறியது. ஏற வேண்டிய அழுத்தம் ஏறவில்லை. டாக்டரின் நெற்றியில் சுருக்கம் விழுந்தது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?" என்று கேட்டார்.

"மூச்சிரைப்புக்குச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு டாக்டர். அது முடிஞ்சு போச்சுன்னு சொன்னாரு" என்றாள் பெண்டாட்டி.

டாக்டர் அவன் பக்கம் குனிந்தார். "என்ன மாத்திரை? முழுசா முடிச்சீங்களா? நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?"

என் தம்பி கண்ணைத் திறந்தான். "ஒண்ணுமில்ல டாக்டர்... சளி மாத்திரை... முடிஞ்சிடுச்சு... கடை... சின்னக் கடை..." என்றான்.

சாகக் கிடக்கிறான், அப்போதும் பூசி மெழுகுகிறான்! அன்று காலையில் அவன் விழுந்த பிறகு, அடுப்பிலிருந்ததைக் காப்பாற்ற நான் உள்ளே ஓடியபோது, ஈஸ்ட் டப்பாவை இடறிவிட்டிருந்தேன். உள்ளேயிருந்து மாத்திரை அட்டைகள் கொட்டின. பதற்றத்தில் அள்ளி மறுபடி உள்ளே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். அது என்ன என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறப்பதைப் பார்த்துவிட்டான். ஊசி குத்தாத கையால் என் விரல்களைப் பிடித்து இறுக்கினான். அதில் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். சொல்லாதே அக்கா. சொன்னால் என் மாவு போய்விடும்.

சின்ன வயதிலிருந்து அவன் என் கையைப் பிடித்துக் கேட்ட எதையும் நான் மறுத்ததில்லை. அந்த நிமிஷம் அவன் மேல் எனக்கு வந்த கோபமும் பாசமும் எனக்கே தாங்கவில்லை.

"டாக்டர், இவன் ரொட்டிக்கடை மாஸ்டர்" என்றேன். "மாவுத்தூசியில மூச்சிரைப்பு. மாசக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டான். கொஞ்சங் கொஞ்சமா குறைக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இவன் முடிக்கலை, டாக்டர். நடுவுல நிறுத்திட்டான். மிச்ச மாத்திரையெல்லாம் கடையில அப்படியே இருக்கு."

டாக்டர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. நர்ஸிடம் திரும்பி ஒரு ஊசி மருந்தைக் கேட்டார். அதுவும் ஸ்டீராய்டுதான். எதை நிறுத்தினானோ அதையே உடம்புக்குள் நேராகச் செலுத்தினார்கள். உடம்பு தானாகச் சுரக்கவும் இல்லை, வெளியிலிருந்து வரவும் இல்லை, காய்ச்சலும் வாந்தியும் வந்த நேரத்தில்தான் அது அதிகம் தேவை, அதனால்தான் ஆள் விழுந்துவிட்டார் என்று போகிற போக்கில் சொன்னார். "நீங்க சொல்லலேன்னா இன்னும் தேடிக்கிட்டுதான் இருந்திருப்போம். அதுக்குள்ள என்ன வேணும்னாலும் ஆகியிருக்கும்" என்றார். சாயங்காலத்துக்குள் அழுத்தம் ஏறியது. கன்னத்தில் ரத்தம் வந்தது. என் உயிரும் அப்போதுதான் திரும்பி வந்தது.

கண் நன்றாகத் தெளிந்ததும் அவன் செய்த முதல் காரியம், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததுதான். என்னோடு பேச மாட்டானாம். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டுமென்றாலும் பெண்டாட்டியைத்தான் கேட்டான்.

"பேசாட்டி போடா" என்றேன். "மூச்சு விட்டுக்கிட்டுப் பேசாம இரு. அது போதும் எனக்கு."

"கடையை மூடிட்டியே அக்கா" என்றான் சுவரைப் பார்த்து.

வார்டை விட்டு அனுப்பும்போது மூவருமாக நுரையீரல் டாக்டரம்மாவிடம் போனோம். இந்தத் தடவை அவன் நகக்கண்ணைத் தேய்க்கவில்லை, ரொட்டிக்கடை என்பதையும் மறைக்கவில்லை. அந்த அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மாத்திரையை எப்படிக் குறைக்க வேண்டும் என்று முதலிலிருந்து மறுபடி சொன்னார். நடுவில் காய்ச்சல் வந்தால் அவரைக் கேட்டு அளவைக் கூட்ட வேண்டும், மாத்திரை தங்காமல் வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், பல் பிடுங்கப் போனாலும் இந்த மருந்து எடுக்கிறேன் என்று முதலில் சொல்ல வேண்டும் என்றார். சர்க்கரையையும் கண்ணையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆனால் அவன் காத்திருந்தது அதற்கில்லை. கடைசியில் அவனே கேட்டான்.

"டாக்டர், நான் மாவு பிசையலாமா?"

அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடி வைத்தார்.

"கூடாது" என்றார். "மாவு அறைக்குள்ள நீங்க இனிமே நிக்கக்கூடாது. சீக்கிரமா தூசியை விட்டு விலகினவங்களுக்கு நெஞ்சு தேறுறது உண்டு. தள்ளிப்போட்டுக்கிட்டே போனா நோய் நிரந்தரமா தங்கிடும். மாத்திரையைப் போட்டுக்கிட்டே அந்தத் தூசியில நிக்கலாம்னு நினைச்சீங்க பாருங்க, அது மட்டும் நடக்காது. முன்பக்கம் வியாபாரத்தைப் பார்த்துக்கோங்க. நடுவுல கதவு இருக்கட்டும். அப்படியும் இரைச்சா வந்து சொல்லுங்க, அப்புறம் யோசிப்போம்."

"சரிங்க டாக்டர்" என்றான் என் தம்பி. அவன் பெண்டாட்டி அவன் முதுகில் கையை வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஏதேதோ வாயடித்துக்கொண்டே வந்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

மாவு அறைக்கு வேறு மாஸ்டரைத் தேடினோம். கிடைக்கிற வரைக்கும் யார் பிசைவது? வேறு யார், நான்தான். எனக்கு மாவும் ஒத்துக்கொள்கிறது, தூசியும் ஒத்துக்கொள்கிறது. வேலை ஒன்றுதான் தெரியாது.

கடை திறந்த முதல் காலை. அவன் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையைப் போட்டு, மருந்தை இழுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். எல்லாவற்றையும் பெண்டாட்டி நின்று பார்த்தாள். அறை வாசலில் முகமூடி போட்டுக்கொண்டு நின்றான். புதிதாகப் போட்ட கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நான் சமையல்காரி மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவன் கண் மேசையைப் பார்த்தது, மிஷினைப் பார்த்தது, மூட்டைகளைப் பார்த்தது. என்னை மட்டும் பார்க்கவில்லை.

"தண்ணியை முதல்ல ஊத்து. மாவைத் தாழ்வா வெச்சுக் கொட்டு, உசரத்திலேர்ந்து கொட்டாதே, தூசி கிளம்பும்" என்றான்.

"தெரியும்டா."

"என்ன தெரியும் உனக்கு? நேத்து வரைக்கும் கல்லாவுல உக்காந்து கதை பேசினவ நீ."

"வாயை மூடிக்கிட்டு நகரு. மூட்டையைப் பிரிக்கப் போறேன்."

நகர மாட்டான், சண்டை போடத்தான் வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கயிற்றை அவிழ்க்கக் கையை வைத்தேன். அவன் ஒரு அடி பின்னால் போனான். கதவின் பிடியைப் பிடித்து, தன் கையாலேயே இழுத்து மூடினான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நானும் மாவும், அந்தப் பக்கம் அவன். மூட்டையைப் பிரித்தேன், மாவைக் கொட்டினேன், மிஷினைத் தட்டினேன். அவன் கல்லாவுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். போகவில்லை.

"அக்கா" என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல். "உப்பு போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு, நீ போய்க் கல்லாவைப் பாரு" என்று கத்திவிட்டு, அவசரமாக உப்பு டப்பாவைத் தேடினேன்.